மெல்லிசு லேப்டாப், பாம்பன் உப்புக் காத்து: கால் மணி நேரத்துல 99 டிகிரி. மதர்போர்டு மாத்தணுமா?

தென்கடல்
மே 11, இரவு 11:52

எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பாம்பன் தெற்குவாடி. வாசல்ல நின்னா வலை காயப்போடுற மணல், அதைத் தாண்டினா கடல். ராமநாதபுரத்துல பி.இ. மூணாவது வருஷம் படிக்கிறேன். என்கிட்ட இருக்கிறது 14 அங்குல மெல்லிசு லேப்டாப். எடை 1.6 கிலோ, ஆர்டிஎக்ஸ் 4050 கிராபிக்ஸ், 16 ஜிபி ரேம். வாங்கி இருபது மாசம் ஆகுது. அண்ணன் கத்தார்லேருந்து பணம் அனுப்பி வாங்கிக் கொடுத்தது. படிப்புக்குன்னுதான் வாங்கினோம். ஆனா ராத்திரி அண்ணனோட கேம் ஆடுறதும் எனக்கு அதே அளவு முக்கியம். இதை முதல்லயே சொல்லிடுறேன். "கேமை நிறுத்து, சூடு குறையும்"னு யாரும் பதில் போட வேணாம்.

அண்ணன் வேலை முடிஞ்சு ரூமுக்கு வர எட்டு மணி ஆகும். நமக்கு அப்ப பத்தரை. அதுலேருந்து ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் ஹெட்போன்ல பேசிக்கிட்டே ஃபோர்சா ஹொரைசன் 5ங்கிற கார் கேம் ஓட்டுவோம். அம்மா பக்கத்துல உக்காந்து "சாப்பிட்டானான்னு கேளு"ங்கும். வீடியோ கால்ல அவன் ரெண்டு நிமிஷத்துக்கு மேல பேச மாட்டான். கார் ஓட்டுறப்பதான் ரூம்ல தண்ணி வராதது, சூப்பர்வைசர் சத்தம் போட்டதுன்னு ஒவ்வொண்ணா வெளிய வரும்.

ரெண்டு மாசமா இந்த ஒரு மணி நேரம் கெட்டுப்போச்சு. ஆரம்பிச்சு பத்து நிமிஷம் நொடிக்கு 75 ஃபிரேம் (படம்) வருது. அப்புறம் ஃபேன் அலறும். கால் மணி நேரத்துல 28, 30க்கு விழுந்துடும். கார் விட்டு விட்டு நகரும். அண்ணன் ரோட்டோரம் காரை நிறுத்திட்டு நான் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பான். கீபோர்டுக்கு மேல, ஸ்க்ரீன் பக்கத்துல இருக்கிற பட்டையில விரல் வைக்க முடியல.

எச்டபிள்யூஇன்ஃபோன்னு சூடு, பவர் எல்லாம் காட்டுற ஆப் போட்டுப் பார்த்தேன். பிராசஸர் 99 டிகிரி, கிராபிக்ஸ் 84. பிராசஸர் இழுக்கிற பவர் ஆரம்பத்துல 46 வாட், கால் மணி நேரம் கழிச்சு 17 வாட். ரூம்ல சுவர்க் கடிகாரத்தோட இருக்கிற மானி 33 டிகிரி காட்டுது.

செஞ்சு பார்த்தது: மெத்தையிலேருந்து பிளாஸ்டிக் ஸ்டூலுக்கு மாத்தினேன். டேபிள் ஃபேனைப் பக்கத்துல வச்சேன். பக்கத்து வீட்டு ஏர் கூலரை ஒரு நாள் வாங்கி ஓட்டினேன், பெருசா ஒண்ணும் தெரியல. ஒரு கடையில காட்டினேன். திறந்துகூடப் பாக்காம மதர்போர்டு போச்சு, 22 ஆயிரம்னு சொல்லிட்டாங்க. அந்தப் பணத்தை அண்ணன்கிட்ட கேக்க எனக்கு மனசு வரல.

மீன்பிடித் தடைக்காலம்ங்கிறதால அப்பா வீட்டுலதான் இருக்காரு. "விசைப்படகுல இன்ஜின் சூடானா முதல்ல தண்ணி இழுக்குற வாய் அடைச்சிருக்கான்னுதான் பாப்போம். எடுத்ததும் இன்ஜினையா மாத்துவோம்?"னு கேக்குறாரு. எனக்கும் அது சரின்னு படுது. வாரண்டி முடிஞ்சிடுச்சு. நானே திறக்கலாமா? அடியில ஃபேன் வச்சு ஊதுற கூலிங் பேட் வாங்கலாமா? போர்டு நிஜமாவே போயிடுச்சா?


மதுரை_எஃப்பிஎஸ்
மே 12, காலை 8:10

கூலிங் பேட் ஒண்ணு வாங்குங்க, 5 டிகிரி குறையும். கிராபிக்ஸை அண்டர்வோல்ட் பண்ணுங்க, அதாவது அதுக்குப் போற வோல்டேஜைக் குறைங்க. பிராசஸர் மேல சூடு கடத்தப் பூசியிருக்கிற பழைய பேஸ்டை எடுத்துட்டு, லிக்விட் மெட்டல்ங்கிற திரவ உலோகம் போட்டா இன்னும் 10 டிகிரி இறங்கும். நான் என்னோடதுல போட்டிருக்கேன், ஒரு வருஷமா பிரச்சினை இல்லை.


சால்டரிங்_அக்கா
மே 12, இரவு 9:37

தங்கச்சி, நான் மண்டபம் ஊர்ல பதினோரு வருஷமா சர்வீஸ் பெஞ்ச் வச்சிருக்கேன். உங்க அப்பா சொன்னதுதான் சரி. போர்டு போன மெஷின் முதல் பத்து நிமிஷம் 75 ஃபிரேம் ஓடிக் காட்டாது. உள்ள பிறக்குற சூடு வெளிய போக வழியில்ல, அதனால பிராசஸர் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைக்குது. 46 வாட் 17 ஆச்சுன்னு நீயே எழுதியிருக்க பாரு, அதுக்குப் பேருதான் த்ராட்டிலிங். உன் பிராசஸர் எல்லை 100 டிகிரியா இருக்கும், அந்தக் கோட்டுல போய் முட்டிக்கிட்டு நிக்குது.

மெல்லிசு லேப்டாப்புல பிராசஸர், கிராபிக்ஸ் ரெண்டுக்கும் பொதுவா ஒரே செம்புக் குழாய்தான் ஓடும். ஒண்ணு கொதிச்சா மத்ததும் கொதிக்கும். ஆடும்போது ரெண்டும் சேர்ந்து 80, 90 வாட் எரிக்கும். பழைய குண்டு பல்பு ஒண்ணை ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள்ள எரிய விட்டதா நினைச்சுக்க. அதோட, வெளிச்சூடு அப்படியே உள்ள ஏறும். 23 டிகிரி ரூம்ல 89 காட்டுற மெஷின் 33 டிகிரி ரூம்ல 99 காட்டும். இணையத்துல யாரோ ஏசி ரூம்ல வச்சு எடுத்த அளவைப் பார்த்து உன் மெஷினை எடை போடாத.

இப்ப நம்ம ஊரு விஷயத்துக்கு வர்றேன். மதுரையில தூசின்னா அது தூசி மட்டும். நமக்குத் தூசியோட உப்பும் சேர்ந்து வருது. அடுப்படியில உப்பு ஜாடி கசிஞ்சு ஈரமா நிக்குமில்ல? காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானாவே தண்ணியை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். பாம்பன்ல ராத்திரி பாதி நாள் அப்படித்தான் இருக்கும். உன் வீட்டு ஜாடி கசியுற நேரத்துல லேப்டாப்புக்குள்ள ஒட்டியிருக்கிற உப்பும் கசியும். அந்த ஈரத்துல தூசி, முடி, வலை நூல் பிசிறு எல்லாம் சாந்து மாதிரி இறுகிடும். பகல்ல காயும், மறுபடி ராத்திரி ஈரமாகும். அலுமினியத் தகடுன்னா வெள்ளைப் பொடி பூக்கும், செம்புன்னா பச்சை ஏறும். 1914ல திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்குக் காலம் பூரா பெயின்ட் அடிச்சுக்கிட்டே இருந்தாங்க, அப்படியும் 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்த வேண்டியதாச்சு. அந்தக் காத்தைத்தான் உன் ஃபேன் நாள் முழுக்க உள்ள இழுக்குது.

நீயே திறக்கலாம். ஆனா நிதானமா செய். ஷட்டவுன் பண்ணு, சார்ஜரைப் பிடுங்கு. அடியில ஸ்க்ரூ தலை துருப்பிடிச்சிருக்கும், அளவு சரியான புது ஸ்க்ரூடிரைவர் எடுத்துக்க, தேஞ்சது வேணாம். எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டைன்னு ஒரு பேப்பர்ல படம் போட்டு அதுலயே குத்தி வை. நீளமானதைக் குட்டை இடத்துல முறுக்கினா போர்டைத் துளைச்சிடும். ஓரத்தைப் பழைய ஏடிஎம் கார்டால நெம்பு. மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழட்டுறது, அதுக்கு முன்னாடி வேற எதையும் தொடாத.

அப்புறம் ஃபேனோட வாயும், சூட்டை வெளிய விடுற தகடு வரிசையும் சேருற இடத்தைப் பாரு. அடைப்பு அங்கதான் இருக்கும். வெளியிலேருந்து ஊதி இதை எடுக்க முடியாது, ஊத ஊத அது உள்பக்கம் திரும்பி ஃபேன்லயே சிக்கும். புது பெயின்ட் பிரஷால மெதுவா தள்ளி எடு. ஊதுறதா இருந்தா ஃபேன் சுத்தாம ஒரு விரலால பிடிச்சுக்க, வேகமா சுத்தவிட்டா பேரிங் போயிடும்.

பேஸ்ட் வேலையை நீ செய்யாத, சுத்தம் மட்டும் செஞ்சு ஒரு வாரம் ஓட்டிப் பாரு. அப்பவும் 90க்கு மேல போனா என்கிட்ட கொண்டு வா. கடலோர மெஷினுக்கு நான் சாதா பேஸ்ட் போடுறதைக் குறைச்சுட்டேன். 45 டிகிரியில இளகுற ஷீட் ஒண்ணு இருக்கு, பிடிஎம் 7950ம்பாங்க. அது சூட்டுல பிதுங்கி ஓரத்துக்குப் போகாது. போலியும் நிறைய வருது, வாங்குற இடம் பாத்து வாங்கணும். கழட்டின ஹீட்சிங்க்கை, அதாவது சூட்டை வெளியேத்துற அந்தக் குழாயையும் தகடையும், நான் டிஸ்டில்டு வாட்டர்ல கழுவிட்டுத்தான் ஆல்கஹால் போடுவேன். ஏன்னா உப்பு ஆல்கஹால்ல கரையாது. பல பேரு ஐபிஏங்கிற ஆல்கஹால் போட்டுத் துடைச்சுட்டு சுத்தமாயிடுச்சுன்னு நினைக்கிறாங்க. அழுக்கு போகும், உப்பு அங்கேயே இருக்கும். இது தனியாக் கழட்டின ஹீட்சிங்க்குக்கு மட்டும்தான். வீட்டுல போர்டு மேல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது.

லிக்விட் மெட்டல் வேணவே வேணாம், மதுரைத் தம்பி கோவிச்சுக்காத. அது காலியம் கலந்தது. அலுமினியத்துல பட்டா அரிச்சுத் தின்னுடும், போர்டுல சொட்டினா ஷார்ட் ஆகும். இந்தப் பொண்ணு லேப்டாப்பைப் பைக்குள்ள போட்டு தினம் பாம்பன்லேருந்து ராமநாதபுரம் பஸ்ல குலுங்கிப் போகுது.

இனி செலவில்லாத வேலை. என்விடியா கன்ட்ரோல் பேனல்ல அதிகபட்ச ஃபிரேமை 60னு பூட்டிடு. 75 வர்றதுக்காகக் கிராபிக்ஸ் முழு மூச்சா எரியுது, 60ல மூச்சு விடும். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ல 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்' 100னு இருக்கும், அதை 99 ஆக்கு. ஒரே ஒரு எண்தான், ஆனா டர்போங்கிற கூடுதல் வேகம் மொத்தமா அணைஞ்சுடும். கடைசி பத்துப் பதினஞ்சு வாட் எரிச்சு அது கூட்டித் தர்ற ஃபிரேம் ரொம்பக் கம்மி. படிப்பு வேலைக்கு வேகம் வேணும்னா திருப்பி 100 வச்சுக்க. சில மெஷின்ல அந்த வரி தெரியாது, அப்ப கம்பெனி ஆப்புல 'சைலன்ட்' இல்லன்னா 'பேலன்ஸ்டு' போட்டுக்க. பேட்டரி சார்ஜை 80 சதவீதத்துல நிறுத்துற வசதி இருந்தா இன்னைக்கே போட்டுடு. முழு சார்ஜும் சூடும் சேர்ந்தா பேட்டரி சீக்கிரம் கெடும்.

பின்பக்கத்தை ரெண்டு விரல் அளவு தூக்கி வை. ரெண்டு ரப்பர் கட்டை போதும். கூலிங் பேட் இப்ப வேணாம், அடைச்ச வாய்க்குள்ள எவ்வளவு ஊதினாலும் காத்து போகாது. சுத்தம் பண்ணினதுக்கு அப்புறம் யோசி.

ஒண்ணு கேக்கணும். டச்பேட் கிளிக் முன்னைவிட அழுத்தமா இருக்கா? சமமான மேசையில வச்சா லேப்டாப் ஆடுதா? திறந்ததும் பேட்டரியைக் கவனிச்சு எழுது.


கீழக்கரை_மாடிவீடு
மே 13, காலை 6:45

அக்கா சொன்னதோட நான் பட்டதையும் சேர்த்துச் சொல்றேன், தங்கச்சிக்கு உதவும்.

போன வருஷம் ஏசியை 21ல வச்சுட்டுத் தூங்கிக்கிட்டு இருந்தேன், லேப்டாப் பக்கத்துல அணைஞ்சு கிடந்தது. கரண்டு போச்சு. காத்து வாங்கலாம்னு லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். ஃபிரிட்ஜ்லேருந்து எடுத்த சர்பத் பாட்டில் மாதிரி மூடி முழுக்க வேர்த்துப்போச்சு. சட்டையால துடைச்சுட்டு ஆன் பண்ணிட்டேன். மறுநாள் கீபோர்டுல ஒரு வரிசை முழுசும் வேலை செய்யல. வெளிய வேர்த்த மாதிரியே உள்ளயும் வேர்த்திருக்குன்னு எனக்கு அப்ப புத்தியில படல. இப்ப ஏசி 26க்குக் கீழ வைக்கிறதில்ல. வெளிய கொண்டு போறதா இருந்தா ரூம்லயே பைக்குள்ள வச்சு ஜிப்பை மூடி, வெளிய வந்து அரை மணி நேரம் கழிச்சுத்தான் எடுப்பேன்.

ஏர் கூலர் நம்ம கரைக்கு ஆகாது. அது தண்ணியை ஆவியாக்கிக் குளிர வைக்கிறது. காத்து ஏற்கனவே ஈரமா இருந்தா ஆவியாக இடம் ஏது? ரெண்டு மூணு டிகிரி குறையலாம், அதுக்கு விலையா ரூம் முழுக்க இன்னும் ஈரம் ஏறும். போர் தண்ணி ஊத்துற கூலரோட பட்டையைப் பாருங்க, வெள்ளையா உப்பு பூத்துக் கிடக்கும்.

ராத்திரி லேப்டாப்பை வெளிய வைக்காதீங்க. ஆடி முடிச்சதும் சூடு ஆறட்டும். அப்புறம் இறுக்கமா மூடுற பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வச்சு மூடிடுங்க. ஜெல் மணி நிறம் மாறினா சூடாக்கிக் காய வச்சுத் திரும்பப் போடலாம். என் உம்மா கருவாட்டை அப்படித்தான் மூடி வைப்பாங்க, எனக்கு யோசனை அதுலேருந்து வந்தது.


மதுரை_எஃப்பிஎஸ்
மே 13, காலை 9:20

அக்கா, கோவமெல்லாம் இல்ல. உப்பு ஆல்கஹால்ல கரையாதுங்கிறது எனக்குப் புதுசு. என்னோடது டேபிள்லயே இருக்கிற பெரிய லேப்டாப். பஸ்ல போற மெஷினுக்கு அதைச் சொன்னது தப்புதான். லிக்விட் மெட்டலை விட்டுடுங்க தங்கச்சி. கிராபிக்ஸ் அண்டர்வோல்ட் மட்டும் பண்ணிப் பாருங்க. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்ங்கிற ஆப்புல வோல்டேஜ் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கி, ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் ஆடிப் பாருங்க. கேம் மூடிக்கிட்டா ஒரு படி ஏத்திடுங்க.


தென்கடல்
மே 17, இரவு 11:58

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவும் நானும் திண்ணையில பாய் விரிச்சுத் திறந்தோம். காத்து அடிக்குதுன்னு அம்மா திட்டினதால உள்ள வந்து, ஃபேனை நிறுத்திட்டு வேலை பார்த்தோம்.

பத்து ஸ்க்ரூவுல ஒன்பது வந்துடுச்சு. பின்பக்க மூலையில ஒண்ணு துருவேறி, தலை வழுக்க ஆரம்பிச்சது. நான் கையை எடுத்துட்டேன். அப்பா சைக்கிள் டியூப்லேருந்து கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி ஸ்க்ரூ தலைமேல வச்சு, அதுமேல ஸ்க்ரூடிரைவரை ஊனி, ரொம்ப மெதுவா திருப்பினாரு. கிறீச்னு ஒரு சத்தம், இளகிடுச்சு. படகுல அவர் தினம் செய்யுற வேலையாம்.

பேட்டரி கனெக்டரைக் கழட்டிட்டு அக்கா சொன்ன இடத்தைப் பார்த்தேன். தகடே தெரியல. சாம்பல் நிறத்துல கம்பளித் துண்டு மாதிரி ஒண்ணு ஃபேன் வாயை முழுசா மூடியிருந்தது. பிரஷால ஒரு ஓரத்தைத் தள்ளினதும் மொத்தமா ஒரே பட்டையா வந்துச்சு. என் சுண்டுவிரல் நீளம். அதுல என் முடி, பச்சை நைலான் நூல் பிசிறு, மணல், நடு நடுவுல வெள்ளைப் பொடி. நசுக்கினா நறநறன்னுது. அப்பா அதை டார்ச் வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு "தண்ணி வாயில பாசி"ன்னாரு. அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அந்த 22 ஆயிரம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கணும்.

அளவு இதுதான். ரூம் அதே 33 டிகிரி, அதே கேம், அதே செட்டிங். சுத்தம் மட்டும் செஞ்சதும் பிராசஸர் 91, கிராபிக்ஸ் 77. 60 ஃபிரேம் பூட்டு போட்டு, 99 சதவீதமும் வச்சதுக்கு அப்புறம் பிராசஸர் 80, கிராபிக்ஸ் 71. நேத்து ராத்திரி அண்ணனோட ஒரு மணி பத்து நிமிஷம் ஓட்டினேன். 60ஐ விட்டு இறங்கவே இல்ல. ஃபேன் சத்தம் பாதியாயிடுச்சு, "என்ன, உன் பக்கம் கடல் சத்தம் கேக்குது?"ன்னு அண்ணன் கேட்டான். இத்தனை நாளா என் மைக்குல ஃபேன் சத்தம் மட்டும்தான் அவனுக்குக் கேட்டிருக்கு. அம்மாகிட்டயும் மைக்கைக் கொடுத்தேன்.

அக்கா, நீங்க கேட்டதுக்குப் பதில். டச்பேட் வலது மூலையில கிளிக் ஆகறதுக்கு ஒரு மாசமாவே அழுத்தித்தான் பிடிக்க வேண்டியிருக்கு. பழகிடுச்சு, அதனால எழுதல. திறந்தப்ப பேட்டரி நடுப்பக்கம் மத்த இடத்தைவிடக் கொஞ்சம் மேடா இருந்தது, தொட்டா தலைகாணி மாதிரி மெத்துன்னு. மூடி போடறப்ப அந்த இடத்துல லேசா அமுக்கித்தான் ஸ்க்ரூ போட்டோம். அது தப்பா?


சால்டரிங்_அக்கா
மே 18, காலை 6:20

தங்கச்சி, இதைப் பார்த்ததும் முதல்ல ஷட்டவுன் பண்ணு. சார்ஜர் போட்டிருந்தா பிடுங்கிடு. பேட்டரி உப்பிக்கிட்டு இருக்கு. உள்ள கேஸ் சேர்ந்துதான் அந்த மேடு. ரெண்டு மாசம் 99 டிகிரியில கொதிச்ச பிராசஸருக்குப் பக்கத்துலயே கிடந்ததும், ராப்பகலா 100 சதவீத சார்ஜ்ல நின்னதும் காரணமா இருக்கும்.

அமுக்கினதை நினைச்சு பயப்படாத, இனிமே அமுக்காத. குத்திப் பாக்கிறது, தட்டையாக்கிறது எதுவும் வேணாம். அடி மூடியில பேட்டரி இருக்கிற பக்கத்து ஸ்க்ரூவை மட்டும் இளக்கி விட்டுடு, பேட்டரிக்கு இடம் கிடைக்கும். டப்பாவுல போட்டு மூடாத. மெத்தை, துணி, ஓலைத் தட்டி எதுவும் பக்கத்துல இல்லாம சிமெண்டுத் தரையில வை. வெயில் படக்கூடாது. சூடானாலோ இனிப்பா ஒரு வாடை வந்தாலோ உடனே வீட்டுக்கு வெளிய மணல்ல கொண்டு போய் வச்சுட்டு எல்லாரும் தள்ளிப் போயிடுங்க.

இன்னைக்கு காலேஜுக்கு எடுத்துட்டுப் போகாத. கூட்டமான பஸ்ல அது நசுங்கக் கூடாது. பத்து மணிக்கு மேல அப்பாவைக் கூட்டிக்கிட்டு ஆட்டோவுல மண்டபம் வா, முன்னாடி போன் பண்ணிடு. பழைய பேட்டரியை நான் கழட்டி வாங்கிக்கிறேன், குப்பையில போடக் கூடாது. உன் மாடலுக்குப் புதுசு வர ரெண்டு மூணு நாள் ஆகும், அதுக்குள்ள அந்த ஷீட்டையும் போட்டு ஹீட்சிங்க்கைக் கழுவிடுறேன். அண்ணன்கிட்ட புதன்கிழமை வரைக்கும் லீவு சொல்லிடு. வர்றப்ப சார்ஜரையும் எடுத்துட்டு வா, அதோட பின்னையும் ஒரு தடவை பாத்துடுறேன்.